ஆனைமடைக் குளம் பற்றிய விவரம்

சென்னை
12.6.1995

அன்புள்ள அனு அக்காவுக்கு,

பிருந்தா எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே வெயில் கொளுத்துகிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நல்ல செய்தி. திருநெல்வேலிக்கும் அதைச் சுற்றிய அறுபத்திரண்டு கிராமங்களுக்கும் இருபது வருஷத்துக்கான முழுமைத் திட்டம் தயாரிக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. எந்தப் பக்கம் வீடு வரலாம், எங்கே வயலாகவே விட வேண்டும், சாலை எங்கே, சாக்கடை எங்கே என்று எல்லாம் நாங்கள்தான் வகுத்துக் கொடுக்க வேண்டும். குழுவுக்கு என்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். ஹாலந்தில் படித்துவிட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சொந்த ஊர் வேலை. இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த மாதம் வருகிறேன். பத்து நாள் உங்கள் வீட்டில்தான் தங்குவேன், ஹோட்டலில் அல்ல. உங்கள் அலுவலகத்துக் கிராமப் படங்களின் நகல்கள் வேண்டும். பாதிக்கு மேல் நீ வரைந்தவைதானே. அந்த அலுவலகத்தில் நீ வரைவாளராக இருப்பது எனக்கு எவ்வளவு வசதி, பார்த்தாயா?

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உடனே பதில் போடு.

உன் பிருந்தா

*

சிவமயம்

பெருமாள்புரம், பாளையங்கோட்டை
3.7.1995

அன்புள்ள பிருந்தாவுக்கு,

காந்திமதி அம்மன் புண்ணியத்தில் இங்கு நாங்கள் மூவரும் சௌக்கியம். சித்தி, சித்தப்பா நலத்துக்கும் எழுது. பதில் மூன்று வாரம் தாமதமாகிவிட்டது. அலுவலகத்தில் வேலை.

நீ தலைமை ஏற்பது குறித்து எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இந்தத் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிவிட்டாள். "எங்க தங்கச்சி மவ ஊருக்கே படம் போட வாரா" என்று சொல்லுகிறாள். ஊருக்குப் படம் போடும் வேலையில் நான் சேர்ந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. அதை அம்மா எந்த வீட்டிலும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவளுக்கு வயசாகிவிட்டது.

மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். மின்விசிறி சத்தம் போடும். ஹாலந்தில் இருந்தவளுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ.

படங்களின் நகல் வேண்டுமென்றால் உங்கள் நிறுவனத்திலிருந்து எங்கள் அதிகாரிக்கு முறைப்படி கடிதம் வர வேண்டும். அக்கா தங்கை என்பதற்காக நான் எடுத்துக் கொடுக்க முடியாது. வசதி என்று எழுதியிருந்தாய், அதனால் சொல்லுகிறேன்.

உன் அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அனுராதா

*

சென்னை
20.8.1995

அன்புள்ள அக்கா,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். பத்து நாளும் என்னை உட்கார வைத்துச் சோறு போட்டாய். உனக்குக் காய்ச்சல் என்று பெரியம்மா போனில் சொன்னாள். இப்போது தேவலையா?

கடைசி நாள் சேரன்மகாதேவி வரைக்கும் போய்விட்டுத் திரும்பும்போது பாளையங்கால்வாய்க் கரையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். கார்ப் பருவ நெல் கதிர் வாங்கி நின்றது. அதன் நடுவே, நாலாவது வயலில், வெள்ளையடித்த மனைக் கற்கள். அங்கேதான் எனக்கு அது தோன்றியது.

இந்த நகரம் வளர்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று சொல்லலாம். இப்போது அது ஆற்றுப் பக்கம், நஞ்சையைத் தின்றுகொண்டு போகிறது. நஞ்சை போனால் சாப்பாடு மட்டுமா போகும்? கால்வாய் போகும், ஊர்க் கிணறுகளில் ஊற்று போகும். இதை அப்படியே கிழக்கே திருப்ப வேண்டும். பாளையங்கோட்டைக்கு அந்தப் பக்கம் புஞ்சையும் பொட்டலுமாக எவ்வளவு நிலம் கிடக்கிறது! ஆனைமடை கிராமத்தை ஒட்டி முதல் குடியிருப்பு. மேலப்பாளையத்தில் ஒரே அறையில் தறியும் அடுப்புமாக இருக்கிறவர்களுக்கும் பீடி சுற்றும் பெண்களுக்கும் அறுநூறு வீடு. பஸ் வரும், கிராமத்துக் காய்கறிக்கு அங்கேயே சந்தை வரும். நஞ்சை நஞ்சையாகவே இருக்கும்.

எங்கள் இயக்குநர் இதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்.

ஒரே ஒரு சந்தேகம். குடியிருப்புக்கு நான் குறித்த இடத்துக்கு மேற்கே ஆனைமடைக் குளம் என்று படத்தில் இருக்கிறது. நான் போனபோது உடைமரம் மண்டி ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அது செத்த குளம்தானா? நீ சொன்னால் எனக்குப் போதும், வேறு யாரிடமும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
பிருந்தா

*

சிவமயம்

பாளையங்கோட்டை
29.10.1995

அன்புள்ள பிருந்தா,

இங்கு யாவரும் நலம். உங்கள் நலனுக்குப் பதில் எழுது. இரண்டு மாதமாக எழுத முடியவில்லை. ஒரு மாதம் எனக்குக் கண்வலி. இன்னொரு மாதம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ கேட்ட விவரம்: ஆனைமடை கிராமம், சர்வே எண் 214, பரப்பு முப்பத்தெட்டு ஏக்கர், குளம். பதிவேட்டின்படி 1974 முதல் பாசனம் இல்லை.

பதிவேட்டில் உள்ளது இவ்வளவே.

உன் அத்தான் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுகிறார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அலுவலக நடைமுறை எங்கே தெரியும்? கேட்டதற்கு, பதிவேட்டைப் பார்த்து, பதில் எழுதுவதுதான் எங்கள் வழக்கம்.

புஞ்சைப் பக்கம் நகரத்தைத் திருப்பும் உன் யோசனையைப் பற்றி எங்கள் அதிகாரி கூட்டத்தில் பேசினார். இது இத்தனை காலமும் இந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லையே என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவியிருக்கிறார்கள். மழை இனிமேல்தான்.

இப்படிக்கு,
அனுராதா

*

சென்னை
17.1.1996

அன்புள்ள அக்கா,

பொங்கல் எப்படிப் போயிற்று? பெரியம்மாவை எழுந்து நடமாடச் சொல். உட்கார்ந்தே இருந்தால் மூட்டு இறுகிவிடும்.

வரைவுத் திட்டம் அச்சாகிவிட்டது. உனக்கு ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். பொதுமக்கள் ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதம். அதற்குப் பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு முடிவு செய்யும். பேப்பரில் என் படமும் பேட்டியும் வந்தது, பார்த்திருப்பாய். பேட்டி எடுத்தவர் "திருநெல்வேலியைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "அது என் ரத்தத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அச்சில் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மனை வியாபாரிகள் எங்கள் மேல் கோபமாக இருக்கிறார்கள். மகேஸ்வரன் என்று ஒருவர் கால்வாய் ஓரமாக நூறு ஏக்கர் நஞ்சை வாங்கிப் போட்டிருக்கிறாராம். சென்னைக்கே வந்து இயக்குநரைப் பார்த்துவிட்டுப் போனார். கோபப்படட்டும். திட்டத்தில் பிசகு இல்லாதவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

உன் உதவிக்கு எப்படி நன்றி சொல்வது!

அன்புடன்,
பிருந்தா

*

சிவமயம்

பாளையங்கோட்டை
9.2.1996

அன்புள்ள பிருந்தா,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். நன்றியுரையை முதலில் படித்தேன். உங்கள் இயக்குநர், ஹாலந்துப் பேராசிரியர், ஜீப் ஓட்டிய டிரைவர் வரைக்கும் பெயர் இருக்கிறது. கடைசியில் "நெல்லை அலுவலகப் பணியாளர்களுக்கும்" என்று ஒரு வரி. அந்த வரிக்குள் நானும் எங்கேயோ இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

பேப்பரில் வந்த உன் படத்தை அம்மா வெட்டி, சாமி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். "ஏட்டி, பிருந்தா மொகத்துல எப்படி ஒரு தெளிச்சி, பாத்தியா? நீயும் இருக்கியே, எப்பப் பாத்தாலும் உம்முன்னு" என்றாள். தினமும் காலையில் விளக்கேற்றும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஏற்றுகிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து ஆபிதா பீவி என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தாள். பீடி சுற்றுகிறவள், நாலு பிள்ளைகள். "யம்மா, எங்க வீடு இந்தப் படத்துல எங்கன வருது? வெரல வச்சிக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அவளும் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "நமக்கும் ஒரு வாசல் வரும், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

அனுராதா

*

அனுப்புநர்:
கொ. கொம்பையா, விவசாயி,
ஆனைமடை கிராமம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
முழுமைத் திட்ட விசாரணைக் குழு,
திருநெல்வேலி.

நாள்: 11.3.1996

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரைவுத் திட்டத்தில் எங்கள் கிராமத்தில் அறுநூறு வீடுகளுக்குக் குறிக்கப்பட்டுள்ள இடம் ஆனைமடைக் குளத்தின் கலுங்குக்கு நேர் கீழே அமைந்துள்ளது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி அந்தக் கலுங்கு ஒன்றுதான். பதிவேட்டில் பாசனம் இல்லை என்று இருப்பினும் அது செத்த குளம் அல்ல. 1992 நவம்பர் மழையில் நிறைந்து, கலுங்கு வழியே இடுப்பளவு தண்ணீர் ஓடியது. வீடு கட்டினால் தண்ணீர் வீட்டுக்குள்தான் போகும். ஓடையின் போக்கு, தரைமட்ட அளவுகளுடன் படம் இணைக்கப்பட்டுள்ளது.

திட்டம் தயாரித்தவர்கள் இந்தக் கிராமத்தில் ஒரு மழைக்காலத்தையேனும் பார்த்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
கொ. கொம்பையா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

*

சென்னை
25.6.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? 18ஆம் தேதி விசாரணைக்கு வந்தபோது உன்னை அலுவலகத்தில் தேடினேன். தலைவலி, லீவு என்றார்கள். வீட்டுக்கு வர நினைத்தேன். வரவில்லை. நேரே ரயிலுக்குப் போய்விட்டேன். பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நடந்ததை நீ மற்றவர்கள் வாயால் கேட்டிருப்பாய். நானும் சொல்லிவிடுகிறேன். முதல் நாற்பது மனுக்களுக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். நாற்பத்தொன்றாவது ஆனைமடைக் கொம்பையா. அவர் கொண்டு வந்த படத்தை மேசைமேல் விரித்தார்கள். தலைவர் கேட்டார்: "இந்தக் கலுங்கு உங்கள் படத்தில் எங்கே அம்மா?" என் படத்தில் அது இல்லை. "பதிவேட்டை நம்பினேன்" என்றேன். "போய்ப் பார்க்கவில்லையா? உள்ளூரில் உங்களுக்குச் சொல்ல ஒருத்தர்கூடவா இல்லை?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

அதற்காகவே காத்திருந்ததுபோல மகேஸ்வரனின் வக்கீல் எழுந்தார். ஒரு குளத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள் நஞ்சையில் வீடு கட்டாதே என்று எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டார்கள், இந்த அளவுகள் எதையும் நம்ப முடியாது, முழுத் திட்டத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். பின்னாலிருந்து கைதட்டினார்கள். பாவம், கொம்பையா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "ஐயா, நான் கொளத்தப் பத்தி மட்டுந்தான் சொல்லுதேன். படம் பூரா தப்புன்னு சொல்லலையே. வயலக் காப்பாத்துததுக்கு நான் குறுக்க நிக்கலையே" என்றார். யாரும் அதைக் கேட்கவில்லை.

படம் ரொம்ப நன்றாக இருந்தது அக்கா. யார் வரைந்தது என்று தலைவர் கேட்டார். "படிச்ச பிள்ளைக போட்டுத் தந்ததுய்யா" என்றார் கொம்பையா. அவர்கள் அடுத்த மனுவுக்குப் போன பிறகும் நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திட்டத்தைத் திருப்பி அனுப்பப் பரிந்துரை செய்திருக்கிறார்கள். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பிருந்தா

*

சிவமயம்

பாளையங்கோட்டை
8.7.1996

அன்புள்ள பிருந்தா,

கடிதம் கிடைத்தது. எல்லோருக்கும் வருத்தம். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

உத்தியோகம் என்றால் இப்படியும் நடக்கும். மனசைத் தளர விடாதே. நம் ஊர்க் குளங்களைப் பற்றி ஹாலந்தில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதற்கு நீ என்ன செய்வாய்?

எனக்குத் தலைவலி தேவலை. உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அனுராதா

*

சிவமயம்

பாளையங்கோட்டை
5.12.1996

பிருந்தாவுக்கு,

நீ சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைத் தபாலில் சேர்ப்பதற்காக உன் அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கொம்பையாவின் மனுவை எழுதியது நான். படத்தை வரைந்ததும் நான்.

அவர் ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "கொளத்துக்குக் கீழ வீடு கெட்டப் போறாவளாமே, உள்ளதா?" என்று கேட்டார். அப்போதே உனக்கு ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். அதற்கும் முன்னால், நீ கேட்டு எழுதியபோதே சொல்லியிருக்கலாம். 92 மழையில் அளவு எடுக்கப் போய், அந்தக் கலுங்குக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் போவதைக் கண்ணால் பார்த்தவள் நான். "கொளம் சாகலைன்னு ஒரு வரி எழுதேன், என்ன கொறஞ்சிரப் போவுது?" என்று அன்றைக்கு உன் அத்தான் கேட்டார். அந்த வரியைத்தான் நான் எழுதவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீ குறித்த இடத்துக்கு முந்நூறு மீட்டர் வடக்கே சர்வே எண் 231, நல்ல மேட்டு நிலம். வீடுகளை அங்கே நகர்த்தியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மனுவில் அதையும் எழுதவில்லை. எழுதினால் உன் தவறு சின்னதாகத் தெரியும் என்றுதான்.

ஏன் என்று கேட்பாய். 1979இல் எனக்கும் சென்னையில் கட்டடக் கலை படிக்க இடம் கிடைத்தது. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று அப்பா அந்தக் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். நாலு வருஷம் கழித்து உனக்கு இடம் வந்தது. சித்தப்பா அனுப்பினார். உன்னை ரயிலேற்ற நானும் வந்தேன். நீ ஜன்னல் வழியாகக் கையசைத்தாய். எனக்கு உன்னை அறைய வேண்டும்போல இருந்தது.

1988இல் நான் ஒரு படம் போட்டேன். நகரத்தைக் கிழக்கே திருப்பி, நஞ்சையை விட்டுவிடுகிற படம். யாரும் கேட்காமல் நானாக, ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து போட்டது. அப்போதிருந்த அதிகாரி, "இதெல்லாம் உன் வேலையில்லம்மா" என்று அலமாரியில் வைத்துவிட்டார். ஏழு வருஷம் கழித்து நீ ஒரு நாள் ஜீப்பை நிறுத்தி இறங்கினாய், உனக்குத் தோன்றிவிட்டது. உனக்கு எழுந்து நின்று கை கொடுத்தார்கள். நீ திருடவில்லை என்று எனக்குத் தெரியும். திருடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நீயாகவே கண்டுபிடித்ததுதான் தாங்கவில்லை.

நீ ஒரு கூட்டத்தின் நடுவில் தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. ஆனால் திட்டமே போய்விட்டது. தடை இல்லாததால் கால்வாய் ஓரத்தில் மகேஸ்வரன் மண்ணடிக்கிறார். போன மாதம் பஸ்ஸில் சேரன்மகாதேவி போனபோது எண்ணினேன். பதினேழு வயலில் லாரி நிற்கிறது. பிசான நடவு நடக்க வேண்டிய நேரம். நான் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து காப்பாற்ற நினைத்த அதே வயல்கள்.

ஆபிதா பீவி போன வாரம் வந்தாள். "அந்தப் படம் இன்னும் இருக்காம்மா? வெரல் வச்சேனே" என்றாள். "இருக்கிறது" என்றேன். "வீடு?" என்றாள்.

அத்தான் கூப்பிடுகிறார்.

அனுராதா

*

சென்னை
10.2.1997

பெறுநர்:
திருமதி க. அனுராதா, வரைவாளர்
(அலுவலகத் தலைவர் வழியாக),
திருநெல்வேலி.

பொருள்: திருநெல்வேலி முழுமைத் திட்டம் – மறு ஆய்வு – கிழக்குப் பகுதிக் குளங்கள் பற்றிய விவரம் கோருதல் – தொடர்பாக.

அம்மையீர்,

வணக்கம். மேற்படி திட்டத்தை மறு ஆய்வு செய்ய எங்கள் நிறுவனத்துக்கே மீண்டும் உத்தரவாகியுள்ளது. அப்பணி மறுபடியும் என்னிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஆனைமடை உட்பட நாற்பத்தொரு மானாவாரிக் குளங்களின் இன்றைய நிலை, கொள்ளளவு, கலுங்கு, ஓடை ஆகியவை குறித்துத் தாங்கள் நேரில் அறிந்த விவரங்களை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். கள விவரம் தந்தவர்களின் பெயர் அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று குழு அறிவுறுத்தியுள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
பிருந்தா

(கீழே பேனாவில்)

விசாரணையன்று படத்தை விரித்தபோதே எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒருத்தர்கூடவா இல்லை என்று தலைவர் கேட்டபோது உன் பெயர் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் உன் வேலை போய்விடும். அதனால் சொல்லவில்லை. இதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதாதே. எனக்கு இன்னும் ஆறவில்லை. நீயாகவே சொல்வாய் என்று ஐந்து மாதம் காத்திருந்தேன். சொன்ன பிறகும் இரண்டு மாதம் கோபமாகவே இருந்தேன். பெரியம்மாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

*

சிவமயம்

பாளையங்கோட்டை
20.4.1997

பிருந்தாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறது. இப்போது கோயில் வரைக்கும் நடக்கிறாள். அவளிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில், "எனக்கு ஒன்னயப் பத்தி நாலு வீட்டுல சொல்லத் தெரியாமப் போச்சேட்டி" என்றாள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன், மனுவும் படமும் என்னுடையவை என்று. அந்த மனுவில் இருப்பது ஒரு குளத்தின் குறை, அதை வைத்து நஞ்சை அளவுகளைத் தவறென்று சொல்ல முடியாது என்றும் சேர்த்தேன். குறிப்பாணை வந்தது, விளக்கம் கொடுத்தேன், இரண்டு வருஷம் ஊதிய உயர்வு கிடையாது என்று முடித்தார்கள். வேலை போகவில்லை. மகேஸ்வரனின் வக்கீல் அடுத்த விசாரணையில் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பதினெட்டு நாள் லீவு போட்டு நாற்பத்தொரு குளத்துக்கும் போய் வந்தேன். ஆனைமடையில் புதிதாகத் தேர்தலில் வந்த பஞ்சாயத்துத் தலைவி இசக்கித்தாய் கூடவே நடந்தாள். களையெடுப்புக்குப் போகிறவள். எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் எந்த ஓடை எந்த வருஷம் உடைத்தது என்று மனப்பாடம். "வீடு வரட்டும்க்கா. மேட்டுல வரட்டும். கலுங்குக்குக் கீழ ஒரு கல்லு நட்டாலும் நான் புடுங்கிப் போட்டுருவேன்" என்றாள். சர்வே எண் 231 மேட்டில் வீடு கட்டச் சம்மதம் தெரிவித்தும், ஓடையில் கட்டடம் கூடாது என்றும் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். நகல் இதோடு இருக்கிறது. ஆபிதா பீவியை அழைத்துப்போய் அந்த மேட்டைக் காட்டினேன். இந்த முறை கால் வைத்துப் பார்த்தாள். எப்போது என்று கேட்டாள். தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்று உயிரோடு இருக்கிற குளம். விவரம் தனித்தனித் தாளில் இருக்கிறது. எட்டுக் குளத்தை மட்டும் செத்தது என்று எழுதியிருக்கிறேன். அவற்றிலும் இரண்டைப் பெருமழை எழுப்பிவிடலாம் என்று அடியில் குறித்திருக்கிறேன். கால்வாய் ஓரத்தில் மண்ணடித்த வயல்கள் இப்போது இருபத்துமூன்று. அவை திரும்பி வராது. மீதி நஞ்சைக்கு இப்போதே எல்லை குறித்துவிடு. என் 88ஆம் வருஷப் படத்தை அலமாரியிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறேன். சில இடங்களில் உன்னுடையதைவிடச் சரியாக இருக்கிறது. சில இடங்களில் உன்னுடையது சரி. எவை என்று நான் சொல்ல மாட்டேன், நீயே பார்த்துக்கொள்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். உன் பெயரைப் பேப்பரில் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். இந்தத் தாள்களை எழுதும்போதுகூட நடு நடுவே எரிந்தது. எரிந்துகொண்டேதான் எழுதி முடித்தேன்.

நீ எப்போது வந்தாலும் மாடி அறை இருக்கிறது. மின்விசிறியை மாற்றிவிட்டோம்.

அறிக்கையில் பெயர் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். யார் பெயர் முதலில், யார் பெயர் பிறகு என்று உங்கள் அலுவலகத்தில் பேச்சு வரும். பெரிய படிப்பு, சின்னப் படிப்பு என்றெல்லாம் பார்க்க வேண்டாம். அகர வரிசையில் போடுவதுதான் முறை.

அக்கா,
அனுராதா